ஒத்தப்புளிப்பட்டியின் கடற்கரை

ஒத்தப்புளிப்பட்டியில் கடற்கரை இருக்கிற விஷயம் சீனிச்சாமிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிய வந்தது. ஐம்பத்திரண்டு வருஷமாக அந்த ஊரிலேயே குடியிருக்கிற மனுசன். மேற்கே பார்த்தால் கேரளாக்காரன் மலை, கிழக்கே பார்த்தால் மேகமலை, நடுவில் நெல் வயல், அவ்வளவுதான் ஊர். கடலை அவர் கல்யாணமான அடுத்த வருஷம் ராமேஸ்வரத்தில் பார்த்ததோடு சரி. அதுவும் சம்சாரம் பாண்டீஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுக்குத்தான் இறங்கினார்.

அன்றைக்குக் கடைமடையில் இருக்கிற தன் ஒன்றரை ஏக்கரைப் பார்க்கப் போனவர், வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் நீலநிற போர்டு ஒன்று புதிதாக நிற்பதைக் கண்டார். அலை வரைந்து, அலைக்கு மேலே ஒரு நண்டு வரைந்திருந்தது. நண்டுக்குக் கீழே எழுத்து: ‘கரையோர நீர்வழி மீட்பு மற்றும் நீடித்த வாழ்வியல் இயக்ககம். கரைப்பகுதி எண் 7. அத்துமீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

படித்ததும் சீனிச்சாமி போர்டுக்குப் பின்பக்கமும் போய்ப் பார்த்தார். சாதாரணமாகவே அவர் சந்தேகப் பிராணி. தெருவில் யாராவது சிரித்த முகமாக ‘நல்லாருக்கீகளா’ என்று கேட்டால்கூட, கேட்டவர் முனை திரும்பும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார். போர்டு வைத்தவன் சும்மா போகமாட்டான், அடுத்து கல் நடுவான், கல்லுக்கு அடுத்து வேலி, வேலிக்கு உள்ளே நம்ம வயல் என்பது அவர் கணக்கு.

“மதினி, இதை யாரு நட்டாக?” என்று பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த மொக்கம்மாளைக் கேட்டார். மொக்கம்மாள் அவருடைய பெரியப்பா மகன் சம்சாரம். வாய் பெரிசு, கை அதைவிடப் பெரிசு.

“வெள்ளைக் கார்ல வந்தாக. கடலோரத்தை மீட்கப் போறோம்னாக. கடல் எங்கனய்யா இருக்குன்னு கேட்டேன். அதைத்தான் மீட்கப் போறோம்னு சொல்லிட்டுப் போயிட்டாக.”

வெள்ளிக்கிழமை சமுதாயக்கூடத்தில் கூட்டம். இயக்ககத்தின் இயக்குநர் சுந்தரலிங்கம் சென்னையிலிருந்து வந்திருந்தார். கைத்தறிச் சட்டை, தோளில் சணல் பை, பேச ஆரம்பித்ததுமே ‘அன்பார்ந்த கடலோர மக்களே’ என்றார். மக்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பின்னால் யாரும் வந்திருக்கிறார்களோ என்று. மேடைக்குக் கீழே ஒரு மேசையில் கள அலுவலர் ஞானசெல்வி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது. தேனிக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம்தான் ஆகிறது.

சீனிச்சாமி எழுந்து, “சார், இங்கன கடல் இல்லையே?” என்றார்.

“அருமையான கேள்வி. கடல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த வட்டாரம் இத்தனை காலமும் கடலோரத் திட்டங்களில் புறக்கணிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த அநீதியை நாங்கள் இனி அனுமதிக்க மாட்டோம்.”

கை தட்டினார்கள். தட்டினால் சீக்கிரம் விடுவார்கள் என்பது ஊர் அனுபவம்.

“உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்,” என்று சுந்தரலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கடற்கரையில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அங்கே ஒவ்வொரு உப்பங்கழிக்கும் நாலு அமைப்புகள் மீட்பதற்காக வரிசையில் நிற்கின்றன. ஆகவே நாங்கள் மேலிருந்து தொடங்குகிறோம். உங்கள் வாய்க்காலின் கடைசி நீர் முல்லையாற்றில் சேர்கிறது. ஆறு வைகையில் சேர்கிறது. வைகை கடலில் சேர்கிறது.”

“வைகை எங்க சார் கடலுக்குப் போகுது? ராமநாதபுரம் கம்மாயோட நின்னுருமே.”

இயக்குநரின் முகம் பூரித்துவிட்டது. “பார்த்தீர்களா! பிரச்சினையை மக்களே கண்டுபிடித்துவிட்டார்கள். எழுதிக்கொள் ஞானசெல்வி.”

அப்புறம் வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்பினார்கள். வீட்டிலிருந்து அலை எத்தனை மீட்டர், படகு சொந்தமா கூட்டா, வலை எந்த வகை. சீனிச்சாமி முறை வந்தபோது ஞானசெல்வி, “புயல் அடிச்சா எங்க ஒதுங்குவீக?” என்று கேட்டது.

“மேகமலையிலதான்மா. வேற எங்க போறது?”

‘பாதுகாப்பான உயரத்துக்கு வெளியேறும் விழிப்புணர்வு உண்டு’ என்று எழுதிக்கொண்டது. எழுதி முடித்துவிட்டு மெதுவாக, “அண்ணே, எனக்கும் ஒண்ணும் புரியலண்ணே. மேல இருந்து வந்த படிவம். காலியா விட்டா என்னையத்தான் வைவாக,” என்றது. சீனிச்சாமிக்கு அந்தப் பிள்ளை மேல் பரிதாபம் வந்தது. அடுத்த நிமிஷமே, இது ஏன் நம்மகிட்ட இவ்வளவு நல்லாப் பேசுது என்று சந்தேகமும் வந்தது.

போகும்போது ஆளுக்கொரு ஆரஞ்சுக் கலர் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். முழங்கால் தண்ணி ஓடுகிற வாய்க்காலில் இறங்கும்போது அதைப் போட்டுக்கொள்வது கட்டாயமாம். பாண்டீஸ்வரி அதை விரித்துப் பார்த்து, “ஏங்க, இது நமக்கா மாட்டுக்கா?” என்று கேட்டாள்.

மறுவாரம் லாரியில் அலையாத்திக் கன்று வந்தது. கடலோரச் சேற்றில் வளர்கிற மரம். வாய்க்கால் கரை நெடுக நட்டார்கள். நாலாம் நாள் கன்றெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. நிபுணர் ஒருவர் வந்து பார்த்து, தண்ணீரில் உப்புப் போதவில்லை என்று அறிக்கை கொடுத்தார். ஒரே நாளில் முப்பது மூட்டை கல்லுப்பு வந்து பாலத்தடியில் இறங்கியது. இதை வாய்க்காலில் கொட்டினால் நம்ம நெல்லு என்னாகும் என்று சீனிச்சாமி பதறிப்போனார். அவர் பஞ்சாயத்துக்காரரைத் தேடி ஓடித் திரும்புவதற்குள் மொக்கம்மாள் வேலையை முடித்துவிட்டாள். ஊரில் அந்த வருஷம் ஊறுகாய் போடாத வீடு கிடையாது. ‘மண் உப்பை முழுமையாக உறிஞ்சிக்கொண்டது’ என்று இயக்ககம் எழுதிக்கொண்டது.

இது வரைக்கும் கூத்து என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு நின்றது மே மாசக் கடைசியில்.

ஒத்தப்புளிப்பட்டியில் ஒரு முறை உண்டு. ஜூன் பிறந்தால் பெரியாற்றுத் தண்ணி திறப்பார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு மம்பட்டி வாய்க்காலுக்கு வந்தாக வேண்டும். தலைமடைக்காரன், கடைமடைக்காரன் பேதமில்லை. தலையிலிருந்து கடைசிவரை வரிசையாக நின்று வண்டலை வாரிக் கரையில் போடுவார்கள். வராத வீட்டுக்கு அந்தப் போகம் முழுக்கத் தண்ணி முறை கடைசியில்தான். யாரும் தமுக்கு அடிப்பதில்லை, நோட்டீஸ் ஒட்டுவதில்லை. அந்த ஞாயிறும் நூற்றுப்பத்து மம்பட்டி வந்தது. கடைமடையிலிருந்து முதல் ஆளாக இறங்கியவர் சீனிச்சாமி. மத்தியானத்துக்குள் வாய்க்கால் சீவிய இளநீர் மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை ஞானசெல்வி வந்து பார்த்துவிட்டு, “அடி ஆத்தா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டது.

“என்னம்மா ஆச்சு?”

“என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீக? மீட்புக்கு முந்தின போட்டோ இன்னும் எடுக்கலையே!”

புதன்கிழமை சீனிச்சாமியைத் தேனி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். முதல் மம்பட்டி அவருடையது என்பதால் அவர்தான் சூத்திரதாரி என்று முடிவாகியிருந்தது. சுந்தரலிங்கமே சென்னையிலிருந்து விசாரிக்க வந்துவிட்டார்.

“சுத்தம் செய்யச் சொன்னது யார்?”

“யாரும் சொல்லல சார். தண்ணி வரப் போகுதுன்னா மம்பட்டிய எடுத்துருவோம்.”

“யாரும் சொல்லாமல் நூற்றுப்பத்து பேர் ஒரே காலையில் வந்தார்களா?”

“ஆமா சார்.”

“திட்டமிட்ட செயல் என்று எழுது,” என்றார் இயக்குநர். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? பயப்படாமல் சொல்லலாம்,” என்றார்.

சீனிச்சாமி யோசித்துப் பார்த்தார். “எனக்குப் பின்னால மொக்கம்மா மதினி.”

“அவருக்குப் பின்னால்?”

“சின்னக்கருப்பு.”

“சின்னக்கருப்புக்குப் பின்னால்?”

“அங்கன வாய்க்கா வளையுது சார். அதுக்கு மேல எனக்குத் தெரியல.”

சுந்தரலிங்கம் பெருமூச்சு விட்டார். “ஐயா, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அறியாமை. மக்கள் பங்கேற்பு என்றால் மக்கள் நினைத்தபோது பங்கேற்பது அல்ல. நாங்கள் அழைக்கும்போது பங்கேற்பது. எழுபது சதவீதம் சீர்கெட்ட வாய்க்கால் என்று மேலிடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது சுத்தமான வாய்க்காலை வைத்துக்கொண்டு நான் எதை மீட்பேன்? நீங்களே சொல்லுங்கள்.”

“மீட்க வேணாம்லங்கய்யா. சுத்தமாத்தான இருக்கு.”

“அதைத்தான் சரிசெய்யப் போகிறோம்,” என்றார் இயக்குநர்.

தண்ணி திறந்தார்கள். நல்ல ஓட்டம். சீனிச்சாமி நாற்றங்கால் உழுது, விதை ஊறப் போட்டுப் பாவினார். பத்தாம் நாள் பச்சைப் பாய் விரித்த மாதிரி நாற்று எழுந்து நின்றது. பெரிய மகள் அனுசுயாவின் பிரசவம் கார்த்திகையில். இந்த நெல்லு வந்தால்தான் எதுவும் ஆகும். அதனால் அவர் தினமும் இரண்டு தரம் போய் நாற்றங்காலைப் பார்த்து நின்றுவிட்டு வருவார்.

பன்னிரண்டாம் நாள் நாலு டிப்பர் வந்தது. ‘முன்நிலை மீட்பு’ என்று அதற்குப் பெயர். எங்கிருந்தோ அள்ளிக்கொண்டு வந்த கருஞ்சேறு, ஆகாயத்தாமரை, பழைய டயர், பாலிதீன் பை எல்லாவற்றையும் பாலத்துக்குக் கீழே கொட்டினார்கள். நிபுணர் பக்கத்தில் நின்று, ‘இன்னும் கொஞ்சம் அழுக்கு, இன்னும் கொஞ்சம்’ என்று கை காட்டிக்கொண்டிருந்தார். எழுபது சதவீதம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். பாலத்துக்குக் கீழே இருக்கிற ஆறு குடும்பத்து வயலுக்குத் தண்ணி நின்றது. மேலே தேங்கிய தண்ணி கரை வழிந்து ஓடையில் விழுந்து ஆற்றுக்குப் போனது. கடலை நோக்கிய நீரோட்டம் அதிகரித்திருப்பதாக இயக்ககத்தின் செய்தி மடலில் வந்தது.

“ஒரு வாரம் பொறுத்துக்கங்கண்ணே,” என்றது ஞானசெல்வி. “விழா வச்சு, சிறப்பு விருந்தினர் வந்து, அவரு கையால சேறு எடுத்துருவாக.”

சிறப்பு விருந்தினருக்குத் தேதி கிடைக்கவில்லை. விழா ஒரு தரம் தள்ளிப் போனது. அப்புறம் மறுபடி தள்ளிப் போனது. பாலத்தில் ஒரு காவலாளியைப் போட்டார்கள். மம்பட்டியோடு யார் வந்தாலும் போட்டோ எடுத்துப் போலீசுக்கு அனுப்ப உத்தரவு. குடத்தில் மட்டும் மொண்டுகொள்ளலாம். சீனிச்சாமியும் பாண்டீஸ்வரியும் மேல்பக்கத்தில் குடம் குடமாக மொண்டு வந்து நாற்றங்காலில் ஊற்றினார்கள். ஊற்றின இடம் ஈரமாவதற்குள் ஊற்றாத இடம் வெடித்தது. நாற்று ஓரத்திலிருந்து மஞ்சளாகி உள்ளே வந்துகொண்டிருந்தது. பாண்டீஸ்வரி இடுப்பிலிருந்து குடத்தை இறக்காமலே நின்று அழுதாள். சீனிச்சாமிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கடைசியில் விழா நடந்தது. நாற்றுக்கு அன்று இருபத்திரண்டாம் நாள்.

பந்தல், மைக் செட், அலை வரைந்த பேனர், வாசலில் ஒரு ரப்பர் திமிங்கலம். வீட்டுக்கு ஒரு மம்பட்டியோடு வரச் சொல்லியிருந்தார்கள், படத்துக்கு. “எடுக்குற மாதிரி நில்லுங்க, எடுத்துராதீங்க,” என்று போட்டோக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். ஊர் முழுக்க மம்பட்டியை ஓங்கிப் பிடித்தபடி கால்மணி நேரம் நின்றது. சிறப்பு விருந்தினர் காலில் ரப்பர் உறை மாட்டி, ஒரே ஒரு கூடை சேற்றைத் தொட்டுக் கொடுத்தார். மீதிச் சேறு இரண்டாம் கட்டத்தில் வருகிறதாம். ‘மீட்புக்குப் பிந்தைய’ போட்டோவை மேலே பளபளவென்று தேங்கி நின்ற தண்ணியில் எடுத்து முடித்துவிட்டார்கள்.

சுந்தரலிங்கம் மைக்கைப் பிடித்தார். “கடல் நம்மிடம் வரவில்லை என்று சோர்ந்துவிடக் கூடாது. நாம் கடலோர மக்களாக வாழத் தொடங்கிவிட்டால் கடல் ஒரு பொருட்டே இல்லை. இங்கே விவசாயி ஒருவர் இருக்கிறார். பக்கத்திலேயே வாய்க்கால் இருந்தும் பத்து நாளாக ஒரு சொட்டுக் கூட வாய்க்கால் நீரைத் தன் வயலுக்குள் விடாதவர். நீடித்த வாழ்வியலுக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பூஜ்ய நீர்ப் பயன்பாட்டு விருதை அவருக்கு வழங்குகிறோம். சீனிச்சாமி அவர்கள் மேடைக்கு வரவும்.”

கை தட்டினார்கள். சீனிச்சாமி நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. மொக்கம்மாள் முதுகில் ஒரு தள்ளு தள்ளி, “போ கொழுந்தனாரே, குடுக்குறதை வாங்கிட்டு வா,” என்றாள். ஒன்றரை அடி அகலத்துக்குத் தேக்குப் பலகையில் கேடயம், நடுவில் பித்தளைத் தகடு. கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

சீனிச்சாமி மைக்கைப் பார்த்தார். “நான் தண்ணி விடாம இருக்கல. நீங்க விடல. என் நாத்து சாகுது,” என்றார். கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“உணர்ச்சிவசப்படுகிறார்,” என்று இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் இன்னும் பலமாகத் தட்டினார்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள்.

பிறகு சாப்பாடு. பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற சமுதாயக்கூடத்தில் சிறப்பு விருந்தினர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் பந்தி. வரகுச் சோறு, சாமைப் பாயசம், ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி. சுந்தரலிங்கம் சாப்பிட்டுக்கொண்டே நிபுணரிடம் அடுத்து தேவாரம் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வாய்ப்பிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்த மொக்கம்மாள், “ஏலே சின்னக்கருப்பு, பாலத்துல ஒரு பய இல்லடா,” என்றாள்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மம்பட்டிகள் ஏற்கனவே கையில் இருந்தன. தலைமடைக்காரர்கள் முதலில் இறங்கினார்கள், அவர்கள் வயலில் தண்ணிக்குக் குறைவே இல்லாதபோதும். சொந்த வாய்க்காலைச் சுத்தம் பண்ணுகிற ஊர், வாழைத்தோப்பில் தார் திருட வந்த மாதிரி நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டது. பேச்சில்லை, மம்பட்டிச் சத்தம் மட்டும்தான். ஞானசெல்வி கூடத்துச் சன்னலில் நின்று பார்த்தது. சீனிச்சாமி அதைக் கவனித்துவிட்டார். போச்சு, சொல்லிரும் என்று நினைத்தார். அந்தப் பிள்ளை உள்ளே திரும்பி, “சார், இன்னொரு தரம் பாயசம் போடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே போய்விட்டது.

அரைமணி நேரத்தில் டயரும் தாமரையும் கரையில் கிடந்தன. தண்ணி பாலத்தைத் தாண்டி வந்தது, நுரையும் குப்பையுமாக, வேகமாக. பாண்டீஸ்வரி கூடவே ஓடிவந்தாள். கடைமடையில் ஒரு சங்கடம் உண்டு. குறுக்கே அடைத்தால்தான் தண்ணி வயலுக்குள் ஏறும், இல்லாவிட்டால் நேரே ஓடைக்குப் போய்விடும். வெறும் சேறு இந்த வேகத்துக்கு நிற்காது. “ஏங்க, பலகை எங்க?” என்று அவள் கத்தினாள். பலகை வீட்டில் கிடந்தது. சீனிச்சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையில் இருந்ததைக் குறுக்கே செருகினார். தண்ணி ஒரு கணம் திகைத்து நின்று, அப்படியே திரும்பி நாற்றங்காலுக்குள் ஏறியது. பாதி நாற்று செத்துத்தான் போயிருந்தது. மீதிப் பாதிக்குக் குருத்தில் இன்னும் பச்சை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் மனுசனுக்கு அழுகை வந்தது. ஏங்கி ஏங்கி அழுதார்.

“என்ன நடக்கிறது இங்கே?”

சுந்தரலிங்கம் கைக்குட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு வரப்பில் நின்றார். பின்னால் நிபுணர், போட்டோக்காரர், காவலாளி. தண்ணி நிற்கிற வயலைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சிவந்தது.

“பூஜ்ய நீர்ப் பயன்பாட்டு விருதாளர் தண்ணீர் பாய்ச்சுகிறாரா? விருது வாங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லையே! இது அப்பட்டமான மோசடி. ஆரம்பத்திலேயே உங்கள் மேல் எனக்குச் சந்தேகம்தான். கேடயத்தைத் திருப்பிக் கொடுங்கள். இப்போதே கொடுங்கள்.”

சீனிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் கையைக் காட்டினார். தண்ணியின் விளிம்பில் பித்தளைத் தகட்டில் பாதிப் பெயர் தெரிந்தது.

“தாராளமா எடுத்துக்கங்க சார். ஆனா இப்ப உருவுனா தண்ணி பூராம் ஓடைக்குப் போயிரும். நாத்து குடிச்சு முடிக்கட்டும். சாயந்தரமா வாங்க,” என்று சொல்லிவிட்டு, குனிந்து இன்னும் ஒரு கை சேறு அள்ளி அதன் ஓரத்தில் அப்பினார்.